விடுமுறை நாளில் வீட்டை ஒழுங்குபடுத்தலும் தனிமனித நன்னிலையும்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும், மனைப்பொருளியல் ஆகிய பாடங்களைக் கற்கும் மாணவர்களுக்கான விளக்கக் குறிப்பும் மாதிரி வினாவிடைகளும்

1. அறிமுகம்



வார இறுதி வகுப்புகளில் ஆசிரியர் அடிக்கடி கேட்கும் ஒரு வசனம் உண்டு. "சேர், கொப்பி வீட்டில்தான் இருக்கிறது, எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை." இவ்வாறு கூறும் மாணவன் சோம்பேறி அல்லன். பல வேளைகளில் அவன் நன்றாகப் படிக்கக்கூடியவன். அவனுடைய படிப்புக்குத் தடையாக இருப்பது அவனது மேசையே ஆகும். தேடுவதில் நேரம் போகின்றது. தேடிக் களைத்தபின் கோபம் வருகின்றது. கோபம் வந்தபின் படிப்பு வருவதில்லை.

வீட்டைத் துப்புரவாகவும் ஒழுங்காகவும் வைத்திருத்தல் என்பது விருந்தினருக்குக் காட்டுவதற்கான ஒரு வேலையன்று. அது அவ்வீட்டில் வாழ்வோரின் உடல், உள, சமூக நன்னிலையுடன் நேரடியாகத் தொடர்புடையது. சனி, ஞாயிறு தினங்கள், போயா தினம், தவணை விடுமுறை ஆகியவற்றில் இதற்கென ஒதுக்கும் சிறிது நேரம் எவ்வாறு பயன் தருகின்றது என்பதனை இப்பகுதியில் கற்போம்.

இப்பகுதியைக் கற்றபின் நீங்கள்,
• நன்னிலையின் வகைகளை வீட்டுத் துப்புரவுடன் தொடர்புபடுத்தி விளக்குவீர்கள்.
• வாராந்தத் துப்புரவின் அவசியத்தைக் காரணம் காட்டி நிறுவுவீர்கள்.
• "ஐந்து எஸ்" முறையை வீட்டிற்குப் பிரயோகிப்பீர்கள்.
• குடும்பத்தினரிடையே வேலையைப் பகிர்ந்து திட்டமொன்று தயாரிப்பீர்கள்.

2. நன்னிலை என்றால் என்ன?

உலக சுகாதார ஸ்தாபனத்தின் யாப்பு 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி சுகாதாரம் என்பது நோயோ பலவீனமோ இல்லாதிருத்தல் மாத்திரமன்று. உடல், உள, சமூக ரீதியில் பூரண நன்னிலையுடன் இருத்தலாகும். ஏப்ரல் 7ஆம் திகதி உலக சுகாதார தினமாகக் கொண்டாடப்படுவதும் இக்காரணத்தினாலேயே.

எமது பாடநூல்களில் ஆன்மிக நன்னிலையும் இவற்றுடன் சேர்த்துக் கற்பிக்கப்படுகின்றது. இந்நான்கையும் வீட்டுத் துப்புரவுடன் பின்வருமாறு தொடர்புபடுத்தலாம்.

(அ) உடல் நன்னிலை: தூசு, நுளம்பு, எலி, கரப்பான் பூச்சி ஆகியன குறைவதால் நோய்கள் குறைகின்றன. கூட்டுதல், துடைத்தல், தண்ணீர் அள்ளுதல் ஆகியன உடலுக்கு மிதமான பயிற்சியாகவும் அமைகின்றன.

(ஆ) உள நன்னிலை: பொருட்கள் உரிய இடத்தில் இருப்பதால் தேடும் பதற்றம் இல்லை. ஆரம்பித்த வேலையொன்று கண்முன்னே முடிவடைவதைக் காண்பது மனநிறைவைத் தருகின்றது. படிப்பில் நாம் செய்த முயற்சியின் பலனைக் காண மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கூட்டிய அறையின் பலனோ உடனே தெரிகின்றது.

(இ) சமூக நன்னிலை: குடும்பத்தினர் கூடி வேலை செய்யும்போது உரையாடலும் புரிந்துணர்வும் வளர்கின்றன. அயலவருக்கும் நுளம்புத் தொல்லை ஏற்படாது.

(ஈ) ஆன்மிக நன்னிலை: தைப்பொங்கலுக்கு முன்னர் முற்றத்தைத் துப்புரவாக்குவதும், நவராத்திரி காலத்தில் புத்தகங்களைத் தூசு தட்டி அடுக்குவதும், நத்தாருக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முன்னர் வீட்டைச் சுத்தப்படுத்துவதும் எம்மிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கங்கள். புறத்தூய்மை வழிபாட்டிற்கு ஆயத்தமாகும் முதற்படியாகக் கருதப்படுகின்றது.

பரீட்சைக் குறிப்பு: "துப்புரவின் நன்மைகளைத் தருக" என்று வினவப்படும்போது பல மாணவர்கள் "நோய் வராது" என்ற ஒன்றையே வெவ்வேறு சொற்களில் நான்கு தடவை எழுதுகின்றனர். அது ஒரு விடயமாகவே கொள்ளப்படும். நான்கு வகை நன்னிலைக்கும் ஒவ்வொன்று வீதம் எழுதுங்கள்.

3. துப்புரவின் வகைகள்

(அ) நாளாந்தத் துப்புரவு: வீடு, முற்றம் கூட்டுதல், பாத்திரம் கழுவுதல், படுக்கையை மடித்து வைத்தல், சமையலறைக் கழிவை அகற்றுதல்.

(ஆ) வாராந்தத் துப்புரவு: சிலந்தி வலை அடித்தல், தரையைக் கழுவுதல் அல்லது துடைத்தல், படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துவைத்தல், மலசலகூடத்தைத் தேய்த்துக் கழுவுதல், நீர் தேங்கும் இடங்களைப் பரிசோதித்தல்.

(இ) விசேட அல்லது பருவகாலத் துப்புரவு: கூரைப்பீலியைச் சுத்தம் செய்தல், அலுமாரியை ஒழுங்குபடுத்துதல், தண்ணீர்த் தாங்கியைக் கழுவுதல், மெத்தை, பாய், தலையணை ஆகியவற்றை வெயிலில் காயவிடுதல், சுவருக்கு வெள்ளை அடித்தல்.

நாளாந்தத் துப்புரவைப் பாடசாலை நாட்களிலும் செய்யலாம். ஏனைய இரண்டிற்கும் விடுமுறை நாளே ஏற்றது. பருவமழை தொடங்குவதற்கு முன்னர் கூரைப்பீலியையும் வடிகானையும் துப்புரவாக்குதல் மிகவும் அவசியம். வடக்கு, கிழக்கில் வாழ்வோர் வடகீழ்ப் பருவ மழைக்கு முன்னரும், மேல் மாகாணத்திலும் மலையகத்தின் மேற்குச் சரிவுகளிலும் வாழ்வோர் தென்மேல் பருவ மழைக்கு முன்னரும் இதனைச் செய்தல் வேண்டும்.

4. ஏன் வாரத்திற்கு ஒரு முறை?

இவ்வினாவிற்கு "வழக்கம்" என்று விடையளிப்பது போதாது. விஞ்ஞான ரீதியான காரணம் உண்டு.

டெங்கு நோயைப் பரப்பும் ஈடிஸ் எகிப்தி, ஈடிஸ் அல்போபிக்டஸ் ஆகிய நுளம்புகளின் வாழ்க்கை வட்டம் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்னும் நான்கு பருவங்களைக் கொண்டது. எமது நாட்டைப் போன்ற வெப்பமான காலநிலையில் முட்டை நிறைவுடலியாக மாறுவதற்குச் சுமார் 7 முதல் 10 நாட்கள் செல்லும். எனவே வாரத்திற்கு ஒரு முறை தேங்கிய நீரை அகற்றினால், குடம்பிகள் சிறகு முளைத்துப் பறப்பதற்கு முன்னரே அழிந்துவிடும். ஒரு வாரத்தைத் தவறவிட்டால் அந்தச் சங்கிலி அறுபடுவதில்லை. வாராந்தம் என்பதன் பொருள் இதுவே.

இங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. இந்நுளம்பு முட்டைகளை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டுகின்றது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியன. மீண்டும் மழை நீர் சேரும்போது அவை பொரிக்கின்றன. ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டால் மாத்திரம் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். உயிரிழப்பிற்குக் காரணமான நுளம்பு காட்டிலிருந்து வருவதில்லை. அது வீட்டிலும் வளவிலும் வளர்வது; பெரும்பாலும் பகல் வேளையில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிப்பது.

விடுமுறை நாளில் பார்க்க வேண்டிய இடங்கள்:
1. பூச்சாடியின் கீழுள்ள தட்டு
2. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறமுள்ள நீர்த்தட்டு
3. அலுமாரிக் காலின் கீழ் எறும்புக்காக வைக்கும் நீர்க் கிண்ணம்
4. சிரட்டை, குரும்பட்டி, இளநீர்க் கோம்பை
5. பழைய டயர், யோகட் கோப்பை, உடைந்த வாளி
6. கூரைப்பீலி
7. பாவிக்காத மலசலகூடத்தின் நீர்த் தொட்டி
8. மூடியில்லாத தண்ணீர்த் தாங்கி, பீப்பாய்
9. நீர் தங்கும் இலைக்கக்கங்களைக் கொண்ட அலங்காரச் செடிகள்

இவ்வொன்பது இடங்களையும் பார்த்து முடிக்க ஒருவருக்கு அரை மணித்தியாலம் போதுமானது.

5. ஐந்து எஸ் முறை

ஜப்பானில் தொழிற்சாலைகளில் உருவான இம்முறை இலங்கையில் அலுவலகங்கள், வைத்தியசாலைகள், பாடசாலைகள் பலவற்றில் பின்பற்றப்படுகின்றது. ஐந்து ஜப்பானியச் சொற்களின் முதல் ஒலியைக் கொண்டு இது ஐந்து எஸ் எனப்படுகின்றது.

(1) செயிரி – வேண்டியவற்றையும் வேண்டாதவற்றையும் பிரித்து, வேண்டாதவற்றை அகற்றுதல்.
வீட்டில்: மை முடிந்த பேனைகள், காலாவதியான மருந்துகள், மூடியில்லாத போத்தல்கள், சிறிதாகிப்போன உடுப்புகள்.

(2) செயிட்டோன் – வேண்டியவற்றை எடுக்கவும் வைக்கவும் இலகுவாக ஒழுங்குபடுத்துதல்.
வீட்டில்: அடிக்கடி பாவிப்பவை கைக்கெட்டும் உயரத்தில், எப்போதாவது பாவிப்பவை மேல் தட்டில், பாரமானவை கீழ்த் தட்டில்.

(3) செயிசோ – சுத்தப்படுத்துதல்.
வீட்டில்: தூசு துடைத்தல், கழுவுதல். அத்துடன் உடைந்த ஆணி, ஒழுகும் நீர்க்குழாய், உரிந்த மின்வயர் ஆகியவற்றைக் கண்டறிதல்.

(4) செயிகெட்சு – மேற்கூறிய மூன்றையும் ஒரு நியமமாக்குதல்.
வீட்டில்: யார், எந்நாளில், எதைச் செய்வது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுதல்.

(5) சிட்சுகே – சுய ஒழுக்கமாகப் பேணிவருதல்.
வீட்டில்: யாரும் சொல்லாமலே எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்தல்.

நினைவிற் கொள்க: பலர் மூன்றாவது படியிலிருந்து ஆரம்பிக்கின்றனர். வேண்டாத பொருட்களை அகற்றாமல் அவற்றையும் சேர்த்துத் துடைத்து மீண்டும் அடுக்குகின்றனர். அதனால் மறுவாரமே வீடு பழைய நிலைக்கு வந்துவிடுகின்றது. முதலில் பிரித்தல், பின்னர் அடுக்கல், அதன் பின்னரே துடைத்தல் என்பதே சரியான ஒழுங்காகும்.

6. வேலைகளைத் திட்டமிடலும் பகிர்ந்துகொள்ளலும்

மனைப்பொருளியலில் கற்ற முகாமைத்துவச் செயன்முறையின் படிகளாகிய திட்டமிடல், ஒழுங்கமைத்தல், நடைமுறைப்படுத்தல், மதிப்பிடல் ஆகியவற்றை இங்கு பிரயோகிக்கலாம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஐவர் கொண்ட ஒரு குடும்பத்தின் வாராந்தத் துப்புரவுக்கு மொத்தமாக 6 மணித்தியால வேலை உண்டெனக் கொள்வோம். தாய் தனியாகச் செய்தால் அவரது விடுமுறை நாள் முழுவதும் அதிலேயே கழியும். அத்துடன் மூன்று வேளைச் சமையலும் அவருக்கே. வயதான பாட்டியை விடுத்து ஏனைய நால்வரும் பகிர்ந்தால் ஒருவருக்கு 1½ மணித்தியாலம் மாத்திரமே. காலை 7.00 மணிக்கு ஆரம்பித்தால் 8.30க்கு முடிந்துவிடும். பிள்ளைகள் வகுப்புக்குச் செல்லலாம். தாயும் சற்று இளைப்பாறலாம்.

மாதிரித் திட்டம் (சனிக்கிழமை காலை 7.00 – 8.30):
தந்தை – கூரைப்பீலி, வளவு, நீர் தேங்கும் இடங்கள்
தாய் – சமையலறை அலுமாரி, உணவுப் பொருட்களின் திகதி பார்த்தல்
மகன் – மலசலகூடம் கழுவுதல், சிலந்தி வலை அடித்தல்
மகள் – படுக்கை விரிப்பு மாற்றுதல், புத்தக அலுமாரி, தரை துடைத்தல்
பாட்டி – அமர்ந்தவாறு உடுப்பு மடித்தல் (விரும்பினால் மாத்திரம்)
மாதத்திற்கு ஒரு முறை வேலைகளை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

வீட்டுத் துப்புரவு பெண்களின் வேலை என்ற எண்ணம் எமது வீடுகளில் இன்னமும் உள்ளது. சா/த பரீட்சைக்குத் தோற்றும் மகனுக்கு "நீ படி" என்று கதவைச் சாத்திவிடுவதும், அதே பரீட்சைக்குத் தோற்றும் மகளிடம் தும்புத்தடியைக் கொடுப்பதும் நடைபெறுகின்றன. இருவருக்கும் வினாத்தாள் ஒன்றே, நேரமும் ஒன்றே. வேலைப் பகிர்வு என்பது வீட்டிற்குள் செய்யக்கூடிய முதலாவது நீதி என்பதை மாணவர்கள், சிறப்பாக ஆண் மாணவர்கள், உணர்தல் வேண்டும்.

7. செய்யும் முறையும் பாதுகாப்பும்

துப்புரவாக்கும் ஒழுங்கு:
• மேலிருந்து கீழ்: முதலில் முகடு, பின்னர் சுவர், யன்னல், தளபாடம், இறுதியில் தரை. தரையை முதலில் துடைத்தால் மேலிருந்து விழும் தூசினால் மீண்டும் துடைக்க நேரிடும்.
• உள்ளிருந்து வெளியே: அறையின் உள் மூலையில் தொடங்கி வாசலை நோக்கி வருதல்.
• உலர்ந்த வேலை முதலில், ஈர வேலை பின்னர்: கூட்டிய பின்னரே கழுவுதல்.

பாதுகாப்பு:
• தூசு தட்டும்போது யன்னல்களைத் திறந்து வைத்தல், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதல். தொய்வு நோயுள்ளவர் அவ்வேளை அவ்வறையில் இருத்தலாகாது. ஈரத்துணியால் துடைப்பதால் தூசு எழுவது குறையும்.
• வெளிற்றும் திரவத்தையும் அமிலம் கலந்த மலசலகூடத் துப்புரவாக்கியையும் ஒருபோதும் ஒன்றாகக் கலத்தலாகாது. அவ்வாறு கலந்தால் நச்சுத்தன்மையான குளோரின் வாயு வெளிவரும்.
• மண்ணெண்ணெய், பூச்சிநாசினி ஆகியவற்றைக் குளிர்பானப் போத்தல்களில் ஊற்றி வைத்தலாகாது. சிறு பிள்ளைகள் குடித்துவிடும் அபாயம் உண்டு. பெயரிட்டு, பூட்டிய இடத்தில் வைத்தல் வேண்டும்.
• மின்விசிறி, வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றைத் துடைக்கும் முன் மின் இணைப்பைத் துண்டித்தல்.
• விறகு, ஓடு, பழைய சாக்கு ஆகியவற்றின் குவியலுக்குள் கைவிடுவதற்கு முன் தடியால் தட்டிப் பார்த்தல். பாம்பு, தேள், பூரான் ஆகியன இருக்கக்கூடும்.
• வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவுதல்.

8. அகற்றியவற்றை என்ன செய்வது?

முற்றத்தில் குவித்து நெருப்பு வைப்பது சிலரின் வழக்கம். பொலித்தீனும் பிளாஸ்ரிக்கும் எரியும்போது நச்சுப் புகை வெளிவருகின்றது. திறந்த வெளியில் பிளாஸ்ரிக் உள்ளிட்ட கழிவுகளை எரிப்பது 2017 செப்டெம்பரில் இலங்கையில் சட்டரீதியாகத் தடைசெய்யப்பட்டது.

கழிவுகளை வகைப்படுத்தும் நிறக் குறியீடு:
பச்சை – உக்கும் கழிவு (உணவு, இலை)
நீலம் – கடதாசி
செம்மஞ்சள் – பிளாஸ்ரிக், பொலித்தீன்
சிவப்பு – கண்ணாடி
கபிலம் – உலோகம்

உக்கும் கழிவைக் கூட்டெருவாக்கி வீட்டுத் தோட்டத்திற்கு இடலாம். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீழ்ந்து 30இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீட்டில் பிரிக்கப்படாத குப்பை எங்கோ ஓரிடத்தில் மலையாகின்றது என்பதற்கு அது துயரமான உதாரணமாகும். நல்ல நிலையிலுள்ள உடுப்புகள், பாடநூல்கள் ஆகியவற்றைத் தேவைப்படுவோருக்குக் கொடுத்தல் சிறந்தது. கொடுக்கும் முன் துவைத்து, மடித்து, மரியாதையுடன் கொடுங்கள்.

9. அகற்றக் கூடாதவை

இது பாடநூலில் விரிவாக இல்லாவிடினும் அறிந்திருக்க வேண்டிய பகுதியாகும்.

(அ) ஆவணங்கள்: பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, காணி உறுதி, தடுப்பூசி அட்டை, வங்கிப் புத்தகம், பாடசாலைச் சான்றிதழ்கள், பரீட்சை அனுமதி அட்டை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையிலும், 2009 வரை நீடித்த போரினால் ஏற்பட்ட இடப்பெயர்வுகளிலும் ஆவணங்களை இழந்த குடும்பங்கள் அவற்றை மீளப் பெறுவதற்கு எவ்வளவு அலைந்தன என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எல்லா ஆவணங்களையும் ஒரே கோப்பில் இட்டு, நீர் புகாத உறையில் வைத்து, அவசரமாக எடுத்துச் செல்லக்கூடிய இடத்தில் வைத்தல் வேண்டும். பிரதிகளை வேறோர் இடத்தில் வைப்பதும் நன்று.

(ஆ) நினைவுப் பொருட்கள்: பல வீடுகளில் அலுமாரியின் மேல் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு சட்டை, ஒரு கைக்கடிகாரம், சில புகைப்படங்கள். பார்ப்பவருக்கு அது பழைய பெட்டி. அம்மாவுக்கோ அப்பம்மாவுக்கோ அது ஓர் ஆள். உரியவரிடம் கேட்காமல் அதனைத் திறப்பதோ அகற்றுவதோ கூடாது. துப்புரவின் நோக்கம் மனிதரின் நன்னிலையே. மனத்தைப் புண்படுத்தும் துப்புரவு அந்நோக்கத்திற்கு மாறானது. பெட்டியின் மேலுள்ள தூசைத் துடைத்து, அதே இடத்தில் வைத்தால் போதும்.

10. சிறிய வீட்டில் எவ்வாறு?

"எங்களுக்குத் தனி அறை இல்லை, மேசை இல்லை, இதெல்லாம் பெரிய வீட்டுக்காரருக்குத்தான்" என்று சில மாணவர்கள் கருதலாம். பெருந்தோட்டப் பகுதி லயன் அறைகளிலும், நகரத்தின் தொடர் வீடுகளிலும், ஓர் அறையும் விறாந்தையும் கொண்ட வீடுகளிலும் வாழ்ந்து சிறந்த பெறுபேறு பெற்ற மாணவர்கள் பலர் உள்ளனர். இடம் குறைந்த வீட்டிலேயே ஒழுங்கின் பயன் அதிகம் தெரியும். சில வழிகள்:

• ஒரு காட்போட் பெட்டியே உங்கள் அலுமாரி. பாடத்திற்கு ஒன்றாகக் கொப்பிகளை நிமிர்த்தி அடுக்கி, பெயர் தெரியும்படி வையுங்கள்.
• சுவரில் கயிறு கட்டி அல்லது ஆணி அடித்து, புத்தகப் பையைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். கறையானும் ஈரமும் அணுகாது.
• காலையில் பாயைச் சுருட்டி நிமிர்த்தி வைத்தால் படுக்கை அறை படிப்பறையாகும்.
• படிக்கும் இடம் மாறலாம். படிப்புப் பெட்டியின் இடம் மாறக்கூடாது.

11. பரீட்சைக்குத் தயாராகும் மாணவருக்கு ஓர் எச்சரிக்கை

நன்மையான வேலையும் அளவு மீறினால் தப்பித்தலாகிவிடும். கணித வினாத்தாளைச் செய்யப் பயந்து புத்தக அலுமாரியை மூன்றாவது தடவையாக அடுக்கும் மாணவர்கள் உள்ளனர். அது ஒழுங்கன்று, ஒத்திப்போடுதல். ஆகவே,
• துப்புரவுக்கு நேர எல்லை வையுங்கள். மணி அடித்ததும் நிறுத்துங்கள்.
• பரீட்சைக்கு முந்திய நாள் பெரிய துப்புரவைத் தொடங்காதீர்கள். அனுமதி அட்டை, அடையாள அட்டை, பேனைகள், கணிதக் கருவிப் பெட்டி ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்தல் மாத்திரம் போதுமானது.
• விடுமுறை நாள் ஓய்வுக்கும் உரியது. போதிய நித்திரையும் விளையாட்டும் நன்னிலையின் பகுதிகளே.

12. மாதிரி அமைப்புக் கட்டுரை வினா

பின்வரும் சம்பவத்தை வாசித்து வினாக்களுக்கு விடை தருக.

ஒரு குடும்பத்தில் தந்தை, தாய், மகள், சா/த பரீட்சைக்குத் தோற்றும் மகன், தொய்வு நோயுள்ள பாட்டி ஆகியோர் உள்ளனர். விடுமுறை நாட்களில் தாயும் மகளும் மாத்திரமே துப்புரவு செய்வர். பரீட்சைக்கு முந்திய நாள் இரவு மகனின் அனுமதி அட்டையைக் காணவில்லை. முழுக் குடும்பமும் இரவு 11 மணி வரை பழைய பத்திரிகைக் குவியல்களைக் கிளறித் தேடியது. எழுந்த தூசினால் பாட்டிக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. அட்டை ஒரு பத்திரிகைக்குள் இருந்தது. மகன் நித்திரையின்றிப் பரீட்சைக்குச் சென்றான்.

(i) உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரைவிலக்கணத்தில் குறிப்பிடப்படும் நன்னிலைகள் மூன்றையும் எழுதுக. (3 புள்ளிகள்)
(ii) இச்சம்பவத்தில் பாதிக்கப்பட்ட நன்னிலைகளில் இரண்டை உதாரணத்துடன் விளக்குக. (4 புள்ளிகள்)
(iii) ஐந்து எஸ் முறையில் எவ்விரு படிகள் பின்பற்றப்பட்டிருந்தால் அட்டை தொலைந்திருக்காது? காரணம் தருக. (4 புள்ளிகள்)
(iv) பாட்டியின் நலனுக்காகத் துப்புரவின்போது கையாள வேண்டிய இரு முறைகளைத் தருக. (4 புள்ளிகள்)
(v) இக்குடும்பத்தின் வேலைப் பகிர்வில் நீங்கள் முன்மொழியும் மாற்றத்தையும் அதன் பயனையும் எழுதுக. (5 புள்ளிகள்)

மாதிரி விடை

(i) உடல் நன்னிலை, உள நன்னிலை, சமூக நன்னிலை.

(ii) உடல் நன்னிலை: தூசினால் பாட்டிக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. உள நன்னிலை: அட்டையைக் காணாமையால் மகன் பதற்றமடைந்து நித்திரையிழந்தான். (தாய்க்கும் மகளுக்கும் வேலைச்சுமை கூடியமை சமூக நன்னிலை சார்ந்த விடையாக ஏற்கத்தக்கது.)

(iii) செயிரி: பழைய பத்திரிகைகள் உரிய காலத்தில் அகற்றப்பட்டிருந்தால் அட்டை அவற்றினுள் மறைந்திருக்காது. செயிட்டோன்: ஆவணங்களுக்கென நிரந்தரமான ஓர் இடம் இருந்திருந்தால் அட்டை அங்கேயே வைக்கப்பட்டிருக்கும்.

(iv) ஈரத்துணியால் துடைத்தல். தூசு தட்டும் வேளையில் பாட்டியை வேறிடத்தில் இருக்கச் செய்து யன்னல்களைத் திறந்து வைத்தல்.

(v) தந்தையும் மகனும் வாராந்தத் துப்புரவில் பங்கேற்றல் வேண்டும். உதாரணமாக, மகன் தனது படிக்கும் இடத்தையும் மலசலகூடத்தையும், தந்தை வளவையும் பொறுப்பேற்கலாம். இதனால் தாயினதும் மகளினதும் சுமை குறையும். வேலை குறைந்த நேரத்தில் முடியும். மகன் தன் பொருட்களைத் தானே பேணும் பொறுப்பைக் கற்பான். குடும்பப் பிணைப்பும் வளரும்.

13. பல்தேர்வு வினாக்கள்

1. நுளம்பின் வாழ்க்கை வட்டத்தின் சரியான ஒழுங்கு எது?
(1) முட்டை, கூட்டுப்புழு, குடம்பி, நிறைவுடலி
(2) முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி
(3) குடம்பி, முட்டை, கூட்டுப்புழு, நிறைவுடலி
(4) முட்டை, குடம்பி, நிறைவுடலி, கூட்டுப்புழு

2. அறையொன்றைத் துப்புரவாக்கும்போது இறுதியாகச் செய்ய வேண்டியது,
(1) சிலந்தி வலை அடித்தல் (2) யன்னல் துடைத்தல் (3) தளபாடம் துடைத்தல் (4) தரை துடைத்தல்

3. கடதாசிக் கழிவுக்குரிய நிறம்,
(1) பச்சை (2) நீலம் (3) சிவப்பு (4) கபிலம்

4. "யார், எப்போது, எதைச் செய்வது" என எழுதி ஒட்டுவது ஐந்து எஸ் முறையின் எப்படியைச் சார்ந்தது?
(1) செயிரி (2) செயிசோ (3) செயிகெட்சு (4) செயிட்டோன்

விடைகள்: 1 – (2), 2 – (4), 3 – (2), 4 – (3)

14. செயற்பாடு

அடுத்த விடுமுறை நாளில் வீட்டின் ஒரேயொரு இடத்தைத் தெரிவு செய்யுங்கள். அது ஒரு லாச்சியாகவும் இருக்கலாம். அரை மணித்தியாலம் மாத்திரம் ஒதுக்கி, பிரித்து, அடுக்கி, துடையுங்கள். பின்னர் மூன்று விடயங்களைக் கொப்பியில் எழுதுங்கள்: எதை அகற்றினேன், தொலைந்ததென நினைத்த எது கிடைத்தது, இப்போது என் மனநிலை எவ்வாறு உள்ளது. மூன்றாவது வினாவிற்கு நீங்கள் எழுதும் விடையே இப்பாடத்தின் சாரமாகும். பரீட்சையில் உள நன்னிலை பற்றி எழுத நேர்ந்தால், மனனம் செய்த வசனத்தைவிட அவ்வனுபவம் உங்களுக்குக் கைகொடுக்கும்.